திரும்பி வரும் மின்மடல்

நுழையும்முன்

வணிகர் தம் மூட்டைகளின்மேல் பெயர் பொறித்து அனுப்பியது பழைய வழக்கம். இன்று விலைப்பட்டியலும் அழைப்பும் மின்னஞ்சலாகச் செல்கின்றன. நேர்மையான வணிகர் அனுப்பிய மடலையே மோசடி என ஐயுற்று, அஞ்சல் நிறுவனங்கள் ஏற்க மறுப்பதும் உண்டு. அம்மறுப்பு ஏன் நிகழ்கிறது, அதன் காரணத்தை எவ்வாறு கண்டறிவது என்பவற்றைத் தேனி மாவட்டத்தின் ஏலக்காய் வணிகத்தை முன்வைத்து விளக்குகிறது இப்பாடம்.

மலையிலிருந்து இறங்கும் காய்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலமலைத் தோட்டங்களில் விளையும் ஏலக்காய், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைப்பாதைகளின் வழியே தேனி மாவட்டத்திற்கு இறங்குகிறது. அத்தோட்டங்களில் காய் பறிக்கக் கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஆகிய ஊர்களின் தொழிலாளர் விடியுமுன்பே ஜீப்புகளில் மலையேறுகின்றனர். உலர்த்தப்பட்ட காய், சல்லடைகளில் அளவு வாரியாகப் பிரிக்கப்படுகிறது. எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருங்காய்க்கு ஒரு விலை. ஏழுக்கும் எட்டுக்கும் இடைப்பட்டதற்கு மற்றொரு விலை. பச்சை நிறம் மங்கினால் அதற்கேற்ப விலையும் குறையும்.

இந்திய நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏற்பாட்டில் போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் மின்னேலம் நடைபெறுகிறது. வணிகர் கணினித் திரையின்முன் அமர்ந்து, மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்தபடியே விலை கேட்கின்றனர். இன்று நிலவிய விலை நாளை நிலவும் என்பதற்கு உறுதியில்லை. மலையில் ஒரு வாரம் மழை பிந்தினாலும், கடல் கடந்த குவாத்தமாலாவில் விளைச்சல் பெருகினாலும் போடியின் விலை அசையும். ஆதலால், வடமாநில வணிகருக்கும், ஏலக்காய் சேர்த்துக் காப்பி அருந்தும் அரபு நாடுகளின் இறக்குமதியாளருக்கும் அன்றைய விலை அன்றே சென்று சேர வேண்டும். ஒருநாள் தாமதமான விலைப்பட்டியல் பழைய நாளிதழுக்கு ஒப்பானது.

அவ்வாறு விலைப்பட்டியல் அனுப்பும் சிறு வணிகர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்குச் சொந்தமாக ஓர் இணையதளமும், அதன் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரியும் உள்ளன. நூற்றுக்கணக்கான மடல்களை ஒரே நேரத்தில் அனுப்புவதற்காக, மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு மொத்தமாக மடல் அனுப்பித்தரும் நிறுவனம் ஒன்றின் சேவையையும் பெற்றிருக்கிறார். ஏலம் முடிந்த ஒரு மாலையில் அவர் அனுப்பிய மடல்களுள் பெரும்பகுதி திரும்பி வருகிறது. ஒவ்வொன்றிலும் 550 என்னும் எண்ணும், அடையாளத் திருட்டு மடல் என ஐயுறுவதால் ஏற்கவில்லை என்னும் பொருள்படும் ஆங்கில வரியும் காணப்படுகின்றன.

காய் உண்மையானது, விலையும் உண்மையானது, அனுப்பியவரும் உண்மையானவர். ஆயினும் மடலுக்குக் கள்வன் என்னும் பெயர் வந்துவிட்டது.

உறையும் உள்ளிருப்பதும்

இவ்வையத்தின் வேர், மின்னஞ்சலின் பிறப்பிலேயே இருக்கிறது. ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மடலைக் கடத்தும் நெறிமுறையை, ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் 1982ஆம் ஆண்டு ஆவணப்படுத்தினார். எஸ்.எம்.டி.பி. எனப்படும் அந்நெறிமுறை, ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள் மட்டுமே இணையத்தில் இருந்த காலத்தில் உருவானது. அனுப்புநர் யார் என்பதை மெய்ப்பிக்க வேண்டிய தேவையை அது வற்புறுத்தவில்லை.

தபால் உறையின் இடப்பக்க மூலையில் அனுப்புநர் முகவரி எழுதுகிறோம். அம்முகவரி உண்மையானதா என்று எந்த அஞ்சலகமும் சரிபார்ப்பதில்லை. மின்மடலுக்கும் இது பொருந்தும். மேலும் ஒரு சிக்கலும் உண்டு: மின்மடலில் அனுப்புநர் பெயர் ஈரிடங்களில் இடம்பெறுகிறது. மடலைக் கடத்தும் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது கூறும் முகவரி ஒன்று. அது உறைமேல் எழுதியதைப் போன்றது. பெறுபவரின் திரையில் தோன்றும் முகவரி மற்றொன்று. அது மடலுக்குள் இடும் கையொப்பத்தைப் போன்றது. இவ்விரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அந்தப் பழைய நெறிமுறை கட்டளையிடவில்லை. இந்த இடைவெளியில்தான் திருடன் நுழைந்தான். வங்கியின் பெயரை உள்ளே எழுதி, உறையில் தன் பெயரை வைத்துக்கொள்ள அவனுக்கு எத்தடையும் இருக்கவில்லை.

தெரியுமா?

அடையாளத் திருட்டு மடலை ஆங்கிலத்தில் ‘ஃபிஷிங்’ என்பர். மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லின் ஒலியை வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றி அமைத்த சொல் இது. 1990களில், அமெரிக்க இணைய நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர்களிடமிருந்து கடவுச்சொற்களைக் கவர்ந்தவர்களிடையே வழங்கியது. தமிழில் தூண்டில் மோசடி என்றும் மின்தூண்டில் என்றும் வழங்குகின்றனர். இரை மட்டும் தெரியும், கொக்கி தெரியாது.

ஏலக்காய் வணிகத்தில் இத்தூண்டிலின் கேடு பெரிது. வணிகர் பெயரில் வேறொருவர், “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்கில் பணம் செலுத்துக” என்று இறக்குமதியாளருக்கு எழுதினால் போதும். பணம் போகும், சரக்கு போகாது, பல்லாண்டு உறவு முறியும். ஆகவே, வணிகரின் மடலைத் தடுக்கும் அதே ஐயம்தான், அவர் பெயரில் வரும் பொய்ம்மடலையும் தடுத்து அவரைக் காக்கிறது. இதனை உணராமல் அஞ்சல் நிறுவனத்தின்மேல் சினம் கொள்வதில் பயனில்லை.

மூன்று சான்றுகள்

புகார் நகரின் பண்டகசாலையில் குவிந்திருந்த பண்டங்களுக்குச் சோழரின் புலி முத்திரை இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அங்கிருந்த மூட்டைகளின்மேல் உடையவரின் பெயரும் குறியீடுகளும் பொறிக்கப்பட்டிருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. மூட்டைக்கு உடையவர் யார் என்பது வாய்மொழியால் அன்றி, அதன்மேல் உள்ள குறியால் அறியப்பட்டது. மின்மடலுக்கு அத்தகைய குறிகள் தேவை என்பதை உலகம் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே உணர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக மூன்றை உருவாக்கியது. மூன்றும் களப்பெயரைச் சார்ந்தவை. களப்பெயர் என்பது இணையதளத்தின் பெயர். மின்னஞ்சல் முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின் வருவதும் அதுவே. அப்பெயருக்குரிய விவரங்களை எவரும் பார்த்தறியத்தக்க பொதுப் பதிவேடு ஒன்று இணையத்தில் உண்டு. அதனை டி.என்.எஸ். என்பர். பதிவேட்டில் எழுதும் உரிமை களப்பெயரின் உடைமையாளருக்கே உரியது.

முதற்சான்று எஸ்.பி.எஃப். இது 2006இல் ஆவணமாயிற்று. “என் பெயரில் மடல் அனுப்ப இன்னின்ன கணினிகளுக்கு மட்டுமே இசைவு அளித்துள்ளேன்” என்னும் பட்டியலை உடைமையாளர் பதிவேட்டில் எழுதிவைக்கிறார். மடல் வந்ததும், அது பட்டியலில் உள்ள கணினியிலிருந்து வந்ததா என்று பெறும் நிறுவனம் பார்க்கிறது. ஆனால், இது சோதிப்பது உறைமேல் உள்ள பெயரை மட்டுமே. மடலைப் பெற்ற ஒருவர் அதை வேறொருவருக்குத் தானாகவே திருப்பிவிடும்படி அமைத்திருந்தால், கடைசியாகக் கொண்டுசேர்க்கும் கணினி பட்டியலில் இராது; உண்மையான மடலும் தோற்றுப்போகும்.

இரண்டாவது டிகிம். யாஹூ, சிஸ்கோ ஆகிய நிறுவனங்கள் தனித்தனியே வகுத்த முறைகளை இணைத்து 2007இல் வெளியிடப்பட்டது. அனுப்பும் கணினியிடம் மறைவான திறவுகோல் ஒன்று உள்ளது. அதற்கு இணையான பொதுத் திறவுகோல் பதிவேட்டில் உள்ளது. மடலின் உள்ளடக்கத்தையும் முதன்மையான தலைப்பு வரிகளையும் கணக்கிட்டு, மறைதிறவுகோலால் முத்திரை இடப்படுகிறது. பெறும் நிறுவனம் பொதுத் திறவுகோலைக் கொண்டு முத்திரையைச் சோதிக்கிறது. வழியில் ஒரு கிலோவின் விலையில் ஓர் எண் மாறியிருந்தாலும் முத்திரை பொருந்தாது.

பாண்டியன் அவையில் அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தோற்றத்தால் வேறுபடவில்லை. ஒன்றில் முத்தும் மற்றொன்றில் மாணிக்கமும் பரலாக இருந்ததே உண்மையை வெளிப்படுத்தியது. அந்தச் சோதனை கோவலன் கொலையுண்டபின் நிகழ்ந்ததுதான் காப்பியத்தின் துயரம். அக்கண்ணகிக்குரிய மங்கலதேவிக் கோட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே, மலையுச்சியில் உள்ளது. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளில் கூடலூர்ப் பகுதியிலிருந்து மக்கள் அங்கு ஏறிச் செல்கின்றனர். டிகிம் சோதனையும் உள்ளிருக்கும் பரலைப் பார்ப்பதே. ஆனால், தீர்ப்புக்கு முன்னரே அதைப் பார்த்துவிடுகிறது.

மூன்றாவது டிமார்க். 2012இல் அறிமுகமாகி, 2015இல் ஆவணமாக வெளியானது. முதலிரு சான்றுகளில் காணப்படும் களப்பெயர், பெறுபவரின் திரையில் தோன்றும் களப்பெயருடன் ஒத்திருக்கிறதா என்பதை இது வினவுகிறது. இரண்டனுள் ஒன்றேனும் தேறி, பெயரும் ஒத்திருந்தால் போதும். தேறாத மடலை என்ன செய்வது என்பதையும் உடைமையாளரே பதிவேட்டில் அறிவிக்கலாம்: ஒன்றும் செய்யாமல் கண்காணிக்கலாம், ஐயத்திற்குரிய மடல்களோடு ஒதுக்கிவைக்கலாம், அல்லது ஏற்க மறுக்கலாம்.

போடி வணிகரின் மடல் திரும்பியதற்குப் பெரும்பாலும் இங்கேதான் விடை கிடைக்கும். மொத்தமாக மடல் அனுப்பும் நிறுவனம் உறைமேல் தன் பெயரை எழுதுகிறது. முத்திரையையும் தன் பெயரிலேயே இடுகிறது. இரண்டு சோதனைகளிலும் தேறுவது அந்நிறுவனத்தின் பெயர். திரையில் தோன்றுவதோ வணிகரின் பெயர். வேறொருவர் முத்திரையோடு வந்த மூட்டைக்குத் தம் பெயரைச் சொல்லி உரிமை கோரியதைப் போன்றது இது.

முன்பெல்லாம் பெரிய அஞ்சல் நிறுவனங்கள் இதைப் பொறுத்துக்கொண்டன. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் விதிகளை இறுக்கின. ஒரே நாளில் 5000க்கு மேற்பட்ட மடல்களை ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் மூன்று சான்றுகளையும் வைத்திருக்க வேண்டும் என ஜிமெயில் அறிவித்தது. சில நூறு மடல்களே அனுப்பும் சிறு வணிகரும் எஸ்.பி.எஃப்., டிகிம் ஆகியவற்றுள் ஒன்றையேனும் கொண்டிருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 மே மாதத்தில் இதனையொத்த விதியைக் கொண்டுவந்தது. பெருநிறுவனங்களிடம் இதற்கெனவே பொறியாளர் குழுக்கள் உள்ளன. மலையடிவார ஊரின் சிறு வணிகருக்கோ, மடல் திரும்பிய மாலையில்தான் விதி மாறியதே தெரியவருகிறது. விதி நேர்மையானது, அதன் சுமை எல்லார்மேலும் ஒரே அளவாக விழவில்லை.

பிழையைத் தேடுதல்

மடல் திரும்பியதும் பலர் செய்யும் முதற்பிழை, இலவச மின்னஞ்சல் முகவரி ஒன்றை அனுப்புநராக எழுதி, அதே சேவையின் வழியாக மறுபடியும் அனுப்புவதாகும். அது நிலைமையைக் கெடுக்கும். 2014 ஏப்ரலில் யாஹூ நிறுவனம் தன் பெயருக்கு ‘மறுக்க’ என்னும் டிமார்க் கட்டளையை விதித்தது. யாஹூ முகவரியை எழுதி வேறு நிறுவனங்களின் வழியே அனுப்பப்பட்ட மடல்கள் உலகெங்கும் திரும்பத் தொடங்கின. பிறர் பெயரைப் பயன்படுத்துவதும், ஒரு பெயர் தடைபட்டதும் மறுபெயர் பூணுவதும் திருடனின் வழக்கங்கள். சோதிக்கும் கணினி மனிதரின் முகத்தை அறியாது, வழக்கத்தைத்தான் அறியும்.

திரும்பி வந்த மடலை முழுமையாகப் படிப்பதே முதற்செயலாக இருக்க வேண்டும். அதிலுள்ள எண் 4இல் தொடங்கினால் தடை தற்காலிகமானது. அனுப்பும் கணினி சற்று நேரம் கழித்துத் தானே மறுபடி முயலும். 5இல் தொடங்கினால் அது முடிந்த மறுப்பு. காரணத்தைக் களையாமல் திரும்பத் திரும்ப அனுப்புவது பெயரைக் கெடுக்கும். எண்ணை அடுத்து வரும் சிறு குறியீடு காரணத்தின் வகையைச் சுட்டும். 5.7 எனத் தொடங்குவன பாதுகாப்பு, நெறிமுறை ஆகியவை சார்ந்த மறுப்புகள். சான்றில்லாத மடல் என்பதைக் குறிக்க ஜிமெயில் 5.7.26 என எழுதுகிறது.

பிறகு, மறுத்தவர் யார் எனப் பிரித்தறிய வேண்டும். எல்லா நிறுவனங்களும் மறுத்தால் சான்றுகளில் பிழை இருப்பது பெரிதும் உறுதி. ஒரு நிறுவனம் மட்டுமே மறுத்தால், அங்கு வணிகரின் பெயருக்கோ மடலின் உள்ளடக்கத்திற்கோ ஏதோ நேர்ந்திருக்கிறது.

சான்றுகளைச் சோதிக்கப் பெரிய கருவிகள் வேண்டா. வணிகர் தமது ஜிமெயில் முகவரிக்கே ஒரு மடல் அனுப்பி, அதன் மூல வடிவத்தைக் காட்டும்படி கேட்டால், மூன்று சான்றுகளின் பெயர்களும் அவற்றின் எதிரே தேறியது, தோற்றது என்னும் முடிவுகளும் தோன்றும். தோற்ற இடத்தில் கைவைக்க வேண்டும். எஸ்.பி.எஃப். பட்டியல் ஒரு களப்பெயருக்கு ஒன்றே இருக்க வேண்டும். புதிய சேவையில் சேரும்போது பழைய பட்டியலை மறந்து இரண்டாவது பட்டியல் எழுதிவிடுவது மிகுதியும் காணப்படும் தவறு. அப்போது இரண்டும் செல்லாமற்போகும். ஒரு பட்டியலைச் சோதிக்கப் பதிவேட்டைப் பத்து முறைக்குமேல் நாட நேர்ந்தாலும் சோதனை பிழையென முடியும். டிகிம் முத்திரை சேவை நிறுவனத்தின் பெயரில் விழுந்தால், அந்நிறுவனம் தரும் சில வரிகளை வணிகர் தம் களப்பெயர்ப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அதன்பின் முத்திரை வணிகரின் பெயரிலேயே விழும். அரைமணி நேர வேலைதான். பதிவேட்டைத் திறக்கும் கடவுச்சொல் எவரிடம் உள்ளது என்று தேடுவதற்கே பல நாள் ஆவதும் உண்டு. இணையதளத்தை அமைத்துத் தந்தவர் ஊரைவிட்டே போயிருப்பார்.

சான்று இருந்தும் தடை

மூன்று சான்றுகளும் தேறியபின்னும் மடல் மறுக்கப்படலாம். சான்றுகள் பெயரை மெய்ப்பிக்கின்றன, எண்ணத்தை மெய்ப்பிப்பதில்லை. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு, விளைந்த நிலத்திற்கு உறுதி தரும். கடைக்காரர் தரும் ஒரு குலை இனிக்குமா என்பதற்கு உறுதி தராது. திருடனும் புதிய களப்பெயர் வாங்கி, மூன்று சான்றுகளையும் முறையாக அமைத்துக்கொள்ள முடியும். ஆதலால் அஞ்சல் நிறுவனங்கள் மடலின் உள்ளடக்கத்தையும் படித்துப் பார்க்கின்றன.

அங்கு ஐயத்தைத் தூண்டுபவை பல. திரையில் ஓர் இணைய முகவரி தெரிய, அதைத் தொட்டால் வேறொன்றுக்கு இட்டுச்செல்லும் இணைப்பு அவற்றுள் முதன்மையானது. வணிகர் இதை அறிந்து செய்வதில்லை. எத்தனை பேர் இணைப்பைத் தொட்டனர் என்று கணக்கெடுப்பதற்காக, மொத்த மடல் சேவையே ஒவ்வோர் இணைப்பையும் தன் முகவரி வழியாகச் சுற்றிவிடுகிறது. இணைப்பைத் தம் களப்பெயரின் வழியாகவே செல்லுமாறு அமைத்துக்கொண்டால் இவ்வையம் நீங்கும். முகவரியைக் குறுக்கித் தரும் பொதுச் சேவைகளையும் தவிர்ப்பது நன்று. திருடர்கள் அவற்றை விரும்புவதால் அவற்றின் பெயர் கெட்டிருக்கிறது. உடனே பணம் செலுத்துமாறு விரட்டும் சொற்கள், கடவுச்சொல் கேட்கும் படிவம், புகழ்பெற்ற வங்கியின் சின்னம் ஆகியனவும் ஐயத்தைக் கூட்டும்.

குற்றவாளி எது என்று தெரியாதபோது எளிய முறை ஒன்று உதவும். இணைப்போ படமோ இல்லாமல், வெறும் எழுத்தாக ஒரு மடலை அனுப்ப வேண்டும். அது சென்று சேர்ந்தால், நீக்கியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து அனுப்பிப் பார்க்க வேண்டும். எதைச் சேர்த்தபோது மடல் திரும்புகிறதோ, அதுவே காரணம்.

சிலவேளை அக்காரணம் வணிகரின் சொந்த இணையதளமாகவே இருக்கும். பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத தளத்தில் எவரோ புகுந்து, ஒரு மூலையில் போலி வங்கிப் பக்கத்தை ஒளித்துவைத்திருப்பர். முகப்பில் ஏலக்காய்ப் படம் மாறாமல் இருப்பதால் உடைமையாளர் அறியமாட்டார். கூகுள் போன்ற நிறுவனங்கள் அத்தளத்தை ஆபத்தானவற்றின் பட்டியலில் சேர்த்துவிடும். அதன்பின் அத்தளத்தின் முகவரியைத் தாங்கிய எம்மடலும் ஐயத்திற்குரியதே. இங்கு மறுப்பு, பிழையான ஐயம் அன்று. வீட்டுக்குள் திருடன் இருப்பதைத் தெருவார் வந்து சொன்னதற்கு ஒப்பானது. போலிப் பக்கத்தை நீக்கி, கடவுச்சொற்களை மாற்றி, தளத்தைப் புதுப்பித்த பின்னரே மறுஆய்வு கோர வேண்டும். கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கத்தக்க குற்றம். பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடலாம்.

கேளாதவருக்கு அனுப்புவதும் பெயரைக் கெடுக்கும். விலைகொடுத்து வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு அனுப்பும்போது, பெறுவோர் பலர் ‘வேண்டா மடல்’ எனக் குறித்துவிடுவர். ஆயிரம் மடலுக்கு மூன்று பேர் அவ்வாறு குறிக்கும் நிலை வரக்கூடாது என்பது ஜிமெயிலின் வரம்பு. மூன்று என்பது மிகச் சிறிய எண். கண்காட்சியில் ஒருமுறை பெயரட்டை தந்தவருக்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் விலைப்பட்டியல் அனுப்பும் பழக்கம் இவ்வரம்பை எளிதில் தாண்டச்செய்யும்.

திருத்தம் முடிந்த உடனேயே பழைய மதிப்பு திரும்பிவிடாது. வணிகர் முதலில், தமக்கு அடிக்கடி மறுமொழி எழுதும் இருபது, முப்பது பேருக்கு மட்டும் அனுப்புகிறார். அவர்கள் மடலைத் திறப்பதும் மறுமொழி தருவதும் அவர் பெயருக்குச் சேரும் நற்சான்றுகள். அடுத்த ஏலத்திற்கு எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டுகிறார். அதுவரை எஞ்சியோருக்குத் தொலைபேசியில் விலை சொல்லப்படுகிறது. பழைய வாடிக்கையாளருள் சிலர் அந்தக் குரலையே விரும்புகின்றனர். சில வாரங்களுக்குப் பின், ஏலம் முடிந்த மாலையில் பட்டியல் முழுவதற்கும் மடல் செல்கிறது. ஒன்றிரண்டு மட்டும் திரும்புகின்றன. அவை மூடப்பட்ட முகவரிகள். இரவு உணவுக்குமுன் ஒரு மறுமொழி வருகிறது: எட்டு மில்லிமீட்டர் விலை மிகுதி, ஏழில் எத்தனை மூட்டை தர இயலும்?